இயற்பியல் வகுப்பில் தடை எங்கே இருக்கிறது? முதன்முறை கற்பிக்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டி

உயர்நிலை வகுப்புக்கு இயற்பியல் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஓம் விதிப் பாடத்தை ஒரே வகுப்புக்கு மூன்று முறை நடத்தினேன். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் மறுபடி விளக்கினேன். அப்போதும் உயரவில்லை என்றதும் கரும்பலகையை நிரப்பி, வண்ணச் சுண்ணக்கட்டியால் சுற்றுப்படம் வரைந்து மூன்றாம் முறை விளக்கினேன். விடைத்தாள்களை வரிவரியாகப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெரும்பாலானோர் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தார்கள், மதிப்புகளையும் சரியாகப் பிரதியிட்டிருந்தார்கள்; 12 = 0.4 × R என்ற வரியில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கு மின்தடை தெரியாமல் இல்லை. 0.4 ஆல் வகுக்கத்தான் தயங்கினார்கள். நான் மூன்று வாரமாக வேறு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இயற்பியல் கற்பதையும் கற்பிப்பதையும் பாதிக்கும் காரணிகள் என்று கேட்டால் கணித அடிப்படை, முன்கருத்து (பாடத்துக்கு முன்பே மாணவர் நம்பிக்கொண்டிருப்பது), பாடமொழி, ஆய்வகம், பாடவேளை, தேர்வுமுறை, வகுப்பறைப் பழக்கம் என்று எவரும் பட்டியலிடுவார்கள். உங்கள் வகுப்பில் அவற்றுள் எது முதலில் நிற்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான், பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து தொடங்கி, செய்ய வேண்டிய வரிசையில் கீழே தருகிறேன்.

1. முதலில் நான்கு தாள்களைக் கையில் வாங்குங்கள்

பாடநூலைத் திறப்பதற்கு முன் நடப்பு ஆண்டுப் பாடத்திட்டம், கடந்த மூன்று ஆண்டுப் பொதுத்தேர்வு வினாத்தாள்கள், ஆய்வக இருப்புப் பதிவேடு, உங்கள் வகுப்பு மாணவர்களின் சென்ற ஆண்டு அறிவியல் மற்றும் கணித மதிப்பெண் பட்டியல் ஆகிய நான்கையும் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடாமல், பழைய விடைத்தாள்கள் இன்னும் அழிக்கப்படவில்லை என்றால் ஓர் இருபதையாவது கேட்டுப் பாருங்கள். மொத்த மதிப்பெண் 38 என்பதிலிருந்து ஒன்றும் தெரியாது. எந்த வரியில் பேனா நின்றது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

பாடத்திட்டம் திருத்தப்பட்டிருந்தால், நீக்கப்பட்ட பகுதியும் சேர்க்கப்பட்ட பகுதியும் பெரும்பாலும் தனிச் சுற்றறிக்கையாக வரும். பழைய பாடநூலையே நம்பி, தேர்வில் இல்லாத ஓர் அலகை எட்டுப் பாடவேளை நடத்திய பிறகு உண்மை தெரியவந்தால், அந்த எட்டும் போனதுதான்.

2. பாடவேளைகளை எண்ணுங்கள்

கால அட்டவணையில் வாரத்துக்கு 4 பாடவேளை, கற்பிக்கும் வாரம் 36 என்றால், தாளில் 144 வரும். தேர்வு நாட்கள், அரசு விடுமுறைகள், விழா ஒத்திகைகள், மற்ற ஆசிரியர் இல்லாதபோது நீங்கள் வேறு வகுப்புக்குப் போக வேண்டிய வேளைகள் ஆகியவற்றை நாட்காட்டியில் வைத்துக் கழித்துப் பாருங்கள். என் முதல் ஆண்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்துபோனது. அதை நான் ஆண்டுத் தொடக்கத்தில் எண்ணவில்லை. ஆண்டுக் கடைசியில் ஒளியியலை ஓட்டமாக ஓடி முடித்தபோதுதான் உணர்ந்தேன்.

கிடைக்கும் வேளைகளில் பத்தில் ஒன்றை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுங்கள். மீதியை அலகுகளுக்குப் பிரிக்கும்போது பாடநூலின் பக்க எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். விசையும் இயக்கமும் பதினைந்து பக்கமே இருக்கலாம். ஆனால் மற்ற அலகுகளில் பாதி அதன் மீதுதான் நிற்கிறது. எந்த அலகு தள்ளிப்போனாலும் இதைக் குறைக்காதீர்கள்.

3. முதல் வாரம்: இருபது நிமிடக் கணக்குச் சோதனை

முதல் வாரத்திலேயே, மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது என்று சொல்லி, பத்து வினாக்கள் கொண்ட ஒரு சோதனை வையுங்கள். அதில் இயற்பியலே இருக்கக் கூடாது. இயற்பியலுக்கு வேண்டிய கணக்கு மட்டும் இருக்க வேண்டும். நான் இப்போது வைக்கும் வினாக்களில் சில இவை: V = IR என்பதில் R-ஐத் தனியாக எழுதுக; s = ½at² என்பதில் t-ஐத் தனியாக எழுதுக; மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு எத்தனை மீட்டர்; ஒரு சதுர சென்டிமீட்டர் எத்தனை சதுர மீட்டர்; (3 × 10⁸) × (2 × 10⁻³) எவ்வளவு; 6-ஐ 0.4 ஆல் வகுக்க. கொடுக்கப்பட்ட நேர்கோட்டு வரைபடத்தின் சாய்வு என்ன. 1/10 − 1/15 எவ்வளவு.

சதுர சென்டிமீட்டர் வினாவுக்கு 0.01 என்று எழுதுபவர்கள்தான் மிகுதியாக இருப்பார்கள். சரியான விடை 0.0001. இதை இப்போது பிடிக்காவிட்டால், அழுத்தம் பற்றிய பாடத்தில் விடைகள் நூறு மடங்கு தவறி வரும். நீங்கள் அழுத்தத்தை மறுபடி விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.

திருத்தும்போது மாணவர் வாரியாக மொத்தம் போடாமல், வினா வாரியாக எத்தனை பேர் தவறினார்கள் என்று எண்ணுங்கள். நாற்பது பேர் வகுப்புக்கு இது ஒரு மணி நேர வேலை. பாதிக்கு மேல் தவறிய வினாக்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் நான்கு பாடவேளை செலவிடுங்கள். பாடம் பின்தங்கும் என்ற பதற்றம் வரும், சக ஆசிரியர்களும் அதையே சொல்வார்கள். கணித ஆசிரியரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். மாணவர்கள் x-ஐக் கொண்டு செய்வதை R-ஐக் கொண்டு செய்யத் தெரியாமல் இருப்பது அவருக்கே வியப்பாக இருக்கும். எழுத்து மாறினால் கணக்கே மாறிவிட்டது என்று நினைக்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

4. இரண்டாம் வாரம்: அவர்கள் ஏற்கெனவே நம்புவது என்ன என்று கேளுங்கள்

மாணவர்கள் வெற்றுத் தாளாக வகுப்புக்கு வருவதில்லை. பதினான்கு ஆண்டுகள் பொருள்களைத் தள்ளியும் எறிந்தும் தொட்டும் பார்த்து, உலகம் எப்படி இயங்குகிறது என்று தங்களுக்குள் ஒரு கணிப்பை உருவாக்கிக்கொண்டே வருகிறார்கள். அந்தக் கணிப்பு அன்றாட வாழ்வுக்குப் போதுமானது என்பதால் எளிதில் விலகாது. தேர்வுக்கு நியூட்டனின் விதியை எழுதிவிட்டு, வெளியே வந்ததும் பழைய கணிப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

ஆறே வினாக்கள் போதும். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? சீராக ஓடும் வண்டியின் மீது செயல்படும் நிகர விசை எந்தத் திசையில் இருக்கிறது? கனரக வண்டியும் சிறு காரும் மோதினால் எதன் மீது விசை அதிகம்? ஒரே அறையில் இரவு முழுதும் இருந்த இரும்புக் கம்பியும் மரக்கட்டையும் எந்த வெப்பநிலையில் இருக்கும்? தொடராக இணைத்த இரண்டு பல்புகளில் எதன் வழியே மின்னோட்டம் அதிகம்? ஒரே அளவுள்ள இரும்புக் குண்டையும் மரக் குண்டையும் ஒன்றாக விட்டால் எது முந்தும்? ஒவ்வொன்றுக்கும் கீழே "ஏன்?" என்று ஒரு வரி இடம் விடுங்கள். விடையைக் காட்டிலும் அந்த ஒரு வரிதான் பயன் தரும். "உச்சியில் நின்றுவிடுகிறது, அதனால் முடுக்கம் சுழி" என்று எழுதியிருந்தால், அந்த மாணவர் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் ஒன்றாகக் கொள்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

இயக்கவியலுக்கு மட்டும் ஆழமாகச் சோதிக்க வேண்டுமென்றால், 1992 இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டினஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்ற வினாத்தொகுப்பு இருக்கிறது. இப்போதைய வடிவத்தில் 30 பலதேர்வு வினாக்கள் உள்ளன. தவறான தெரிவு ஒவ்வொன்றும் மாணவர்களிடம் உண்மையாகவே காணப்படும் ஒரு முன்கருத்தைப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்டது. இந்த வினாத்தாளை மாணவர்கள் கையில் விட்டுவிடாதீர்கள், சோதனை முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். விடைகள் வெளியே போய்விட்டால் ஆண்டு முடிவில் மறுபடி வைக்க முடியாது.

முன்கருத்தை உடைக்கும் இடத்தில் நான் விழுந்த ஒரு குழியைச் சொல்லியாக வேண்டும். முதல் பல்பு மின்னோட்டத்தைக் குடித்துவிடுகிறது, மீதிதான் அடுத்ததற்குப் போகிறது என்று ஒரு மாணவி உறுதியாகச் சொன்னாள். பார்த்துவிடலாம் என்று ஒரே அடையாளம் அச்சிட்ட இரண்டு டார்ச் பல்புகளைத் தொடராக இணைத்து ஸ்விட்சைப் போட்டேன். ஒன்று நன்றாக எரிந்தது. மற்றது மங்கலாகச் சிவந்தது. வகுப்பே அவள் பக்கம் சாய்ந்தது. ஒரே அடையாளம் இருந்தாலும் மலிவான பல்புகளின் இழைகள் சற்றே வேறுபடும். தொடர் இணைப்பில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிவிடும். அடுத்த நாள் பல்புகளை இடம் மாற்றி, மங்கல் பல்போடு கூடவே நகர்கிறது என்று காட்டினேன். பிறகு பல்புகளுக்கு முன்னும் இடையிலும் பின்னும் அம்மீட்டரை வைத்து ஒரே அளவைக் காட்டினேன். "அம்மீட்டர் கெட்டிருக்கும்" என்றாள். மீட்டரையும் மாற்றிக் காட்டிய பிறகுதான் அவள் குறிப்பேட்டில் பழைய விடையை அடித்தாள். ஆகவே, செய்து காட்டும் சோதனை எதுவானாலும் முந்தைய நாளே அதே பொருள்களைக் கொண்டு செய்து பாருங்கள். பத்துப் பல்பு வாங்கி, சமமாக எரியும் இரண்டைத் தேர்ந்து பையில் தனியாக வையுங்கள்.

5. சொற்களைச் சரிபாருங்கள்

மொழி ஒரு பெரிய காரணி என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். வேலை, திறன், ஆற்றல், விசை, அழுத்தம் எல்லாம் மாணவர் வீட்டிலும் தெருவிலும் வேறு பொருளில் கேட்டு வளர்ந்த சொற்கள். பாரத்தைத் தலையில் சுமந்து அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை சுழி என்று சொன்னால் அவர்கள் சிரிப்பது இயல்பே. மின்னழுத்தம் என்ற சொல்லைக் கேட்டு, கம்பிக்குள் ஏதோ அழுந்திக்கொண்டிருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு.

பாடநூலை மாற்றிப் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது கிலோகிராமில் அளப்பது, எடை என்பது நியூட்டனில் அளப்பது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பதுதான் நிறை. முடுக்கம் அங்கே ஆர்முடுகல்; திறன் அங்கே வலு. இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் காணொளியையோ வினாத்தாளையோ வகுப்பில் பயன்படுத்துவதற்கு முன், அது எந்த மரபில் எழுதப்பட்டது என்று பாருங்கள். ஒரு நல்ல பயிற்சித்தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, "நிறை 50 நியூட்டன்" என்ற வரியைக் கண்டு வகுப்பு முழுதும் குழம்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் ஐந்தாறு சொற்களை எடுத்து, அன்றாடப் பொருள், இயற்பியல் பொருள், அலகு என்று மூன்று பத்திகளாகக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும்.

6. ஆய்வக இருப்பையும் செலவையும் கணக்கிடுங்கள்

இருப்புப் பதிவேட்டில் 12 மல்டிமீட்டர் என்று இருந்தால், வேலை செய்யும் மல்டிமீட்டர் 12 என்று பொருளல்ல. ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதியுங்கள். நான் பொறுப்பேற்ற ஆய்வகத்தில் பெரும்பாலானவை மின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டின, மின்னோட்டத்தை மட்டும் சுழி என்றே காட்டின. மின்னோட்டத் துளையில் முனையைச் செருகிய நிலையிலேயே யாரோ மின்கலத்தின் இரு முனைகளையும் தொட்டிருக்கிறார்கள். உள்ளே ஃப்யூஸ் போய்விட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பாடவேளை முழுதும் மாணவர்கள் இணைப்புக் கம்பிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சோதிப்பது எளிது. பழுதாகியிருக்கும் என்று நினைக்கும் மல்டிமீட்டரை உயர்ந்த மில்லிஆம்பியர் அளவில் வைத்து, அதன் மில்லிஆம்பியர் துளைக்கும் பொதுத் துளைக்கும் இடையே உள்ள மின்தடையை இன்னொரு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். சில ஓம் காட்டினால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது; திறந்த சுற்று என்று காட்டினால் மாற்ற வேண்டும். பழையதில் அச்சிட்ட அதே மதிப்பும் அதே வகையும் உள்ள ஃப்யூஸையே போடுங்கள். கம்பித் துண்டை வைத்து முடிப்பதும் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும் மாணவர் கையில் கருவியைக் கொடுக்கப்போகிற இடத்தில் செய்யவே கூடாதவை.

பணம் குறைவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வரிசையை முடிவு செய்யுங்கள். தீர்ந்துபோகும் பொருள்களான மின்கலம், ஃப்யூஸ், டார்ச் பல்பு, இணைப்புக் கம்பி, முதலைக் கவ்வி ஆகியவை முதலில் வர வேண்டும். இவை இல்லாமல்தான் பெரும்பாலான செய்முறைகள் நின்றுபோகின்றன. அடுத்து, ஒரே கருவியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். விலையுயர்ந்த கருவி ஒன்று கண்ணாடி அலமாரியில் இருப்பதைக் காட்டிலும், நான்கு பேருக்கு ஒன்றாகச் சாதாரண மீட்டர்கள் பத்து இருப்பது மேல். கொள்முதல் விண்ணப்பத்தைப் பள்ளி திறப்பதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். எந்தச் செய்முறைக்கு, எந்த மாதம், எத்தனை குழுவுக்கு என்று ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எழுதினால் கேள்வி கேட்டுத் திரும்பி வருவது குறையும். ஒப்புதலும் வாங்குவதும் முடியச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், மின்னியலைக் காலாண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மின்தடையத்தை வாங்கும்போது ஒரு கணக்கு போடுங்கள். கால் வாட் தாங்கும் 10 ஓம் மின்தடையத்துக்கு 3 வோல்ட் கொடுத்தால் 0.9 வாட் வெப்பம் உண்டாகும். அது விரலைச் சுடும், கருகவும் செய்யும். 100 ஓம் என்றால் 0.09 வாட்தான். ஓம் விதிச் செய்முறைக்கு இழைப் பல்பைப் பயன்படுத்தாதீர்கள். இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும், வரைபடம் வளையும். அதைத் தனிப் பாடமாகப் பிறகு காட்டலாம்.

காசு செலவில்லாமல் கிடைப்பவை இரண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்கள், அதாவது கணினித் திரையில் செய்து பார்க்கும் சோதனைகள், இலவசம். பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஜெர்மனியின் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் செயலி, கைபேசியில் உள்ள உணரிகளையே அளவுக் கருவியாக்கிவிடும். ஆனாலும் உருவகப்படுத்தலை மெய்யான சுற்றுக்கு மாற்றாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. திரையில் கம்பி தளர்வதில்லை, மின்கலம் தீர்வதில்லை. அதில் மட்டும் பழகியவர்கள் மெய்யான மின்கலம் 1.5-க்குப் பதில் 1.3 வோல்ட் காட்டும்போது தாங்கள் தவறு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

7. செய்முறைகளைக் குறைத்து, ஒன்றை முழுமையாகச் செய்யுங்கள்

பதிவேட்டை நிரப்புவதற்காகப் பத்துச் செய்முறைகளை ஓட்டுவதைவிட, நான்கை ஆற அமரச் செய்வதே பயனுள்ளது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கட்டாயச் செய்முறைப் பட்டியல் இருந்தால் அனைத்தையும் செய்துதான் ஆக வேண்டும். ஆனாலும் நேரத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை.

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. ஒரே ஓர் அலைவை அளந்தால், கை சொடுக்கும் தாமதம் 0.2 நொடி என்றாலும் நேரத்தில் பத்து விழுக்காடு பிழை, புவியீர்ப்பு முடுக்கத்தில் இருபது விழுக்காடு பிழை. இருபது அலைவுகளை அளந்தால் அதே 0.2 நொடி 40 நொடியில் கரைந்து, முடுக்கத்தில் ஒரு விழுக்காடாகக் குறைந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் "இருபது அலைவு எண்ணு" என்று மட்டும் சொல்வதால்தான் செய்முறை வெறும் சடங்காகிறது.

அடுத்து எண்ணும் முறை. ஓர் ஆண்டு பல குழுக்கள் புவியீர்ப்பு முடுக்கம் 10.9 மீ/நொடி² என்று விடை கொண்டுவந்தன. எல்லோரும் ஒரே மாதிரி தவறுவது எப்படி என்று அருகில் போய் நின்று பார்த்தேன். கடிகாரத்தைத் தொடங்கும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினார்கள். அதனால் இருபது என்று நிறுத்தியபோது முடிந்திருந்தது பத்தொன்பது அலைவுதான். "சுழி" என்று சொல்லித் தொடங்கச் சொன்னதும் விடை 9.8-ஐ ஒட்டி வந்தது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். இரண்டு சென்டிமீட்டர் விட்டால் விடையில் இரண்டு விழுக்காடு குறையும்.

அந்த 10.9-ஐ அழித்து 9.8 என்று பதிவேட்டில் எழுத விடாதீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு காரணம் தேடிய ஒரு பாடவேளையில் அவர்கள் கற்றது, விதியை மனப்பாடம் செய்ததில் கிடைக்கவில்லை.

ஒரு செய்முறைக்கு மாணவர் பக்கம் 40 நிமிடம் என்றால், முதன்முறை உங்கள் தயாரிப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உறைகளில் குழு வாரியாகப் பொருள்களைப் பிரித்து எண்ணிட்டு வைத்தால் அடுத்த ஆண்டு அது அரை மணியாகிவிடும். பாதுகாப்பு விதிகளை ஒரே தாளில் எழுதி, முதல் செய்முறைக்கு முன் வாசித்துக் கையொப்பம் வாங்கி, கோப்பில் வையுங்கள்.

8. கருவியை யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள்

நான்கு பேர் குழுவில் ஒருவர் கருவியை இயக்குவார், ஒருவர் எழுதுவார், மற்ற இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கலந்து படிக்கும் வகுப்புகளில் மாணவர்கள் மீட்டரைப் பிடிக்க, மாணவிகள் குறிப்பெழுதுவது தானாகவே நடந்துவிடுகிறது. எவரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, அதனால்தான் கண்ணுக்குப் படுவதில்லை. இயக்குபவர், அளவெடுப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று பொறுப்பைத் தாளில் எழுதி, ஒவ்வொரு செய்முறைக்கும் ஓர் இடம் நகர்த்துங்கள்.

9. கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடி காத்திருங்கள்

இதற்குப் பணமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடிக்கும் குறைவாகவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ பதிவுசெய்தார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, விடையளிக்காமல் இருப்பது குறைந்தது. என் வகுப்பை ஒருமுறை ஒலிப்பதிவு செய்து கேட்டேன். பல கேள்விகளுக்கு நானே விடை சொல்லியிருந்தேன். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும்; மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

கருத்து வினாக்களுக்கு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிப் பரப்பிய சகமாணவர் கற்றல் முறை நன்றாக உதவுகிறது. பலதேர்வு வினா ஒன்றைப் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, விடை எண்ணை விரல்களால் நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். கையை உயர்த்தச் சொன்னால் முதல் வரிசையைப் பார்த்து மற்றவர்கள் காட்டிவிடுவார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லி மறுபடி காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போனால் நீங்கள் விளக்க வேண்டும். மேலே போனால் அடுத்த வினாவுக்குப் போகலாம்.

10. தேர்வை எதிரியாக்காதீர்கள்

பொதுத்தேர்வு மனப்பாடத்தையே கேட்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டு கருத்தை மட்டும் நடத்துவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. நான் அதையும் ஒரு பருவம் செய்திருக்கிறேன். மூன்று ஆண்டு வினாத்தாளை அலகு வாரியாகவும் வகை வாரியாகவும் பிரித்து ஒரே தாளில் அட்டவணையாக்குங்கள். வரையறை, வரைபடம், கணக்கு, விளக்கம் ஆகியவற்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று தெரிந்துவிட்டால், வாரத்துக்கு ஒரு பாடவேளை எழுத்துப் பயிற்சிக்குப் போதும். உங்கள் சொந்தத் தேர்வுகளில் "ஏன்" என்று கேட்கும் வினா ஒன்றாவது இருக்கட்டும்; மதிப்பெண் இல்லாததை மாணவர்கள் படிப்பதில்லை.

11. ஆண்டு முடிவில் அளந்து பாருங்கள்

இரண்டாம் வாரத்தில் வைத்த முன்கருத்து வினாக்களையே கடைசி மாதத்தில் மறுபடி வையுங்கள். வகுப்புச் சராசரி நூற்றுக்கு 30-இலிருந்து 51-க்கு வந்திருந்தால், 21 கூடியிருக்கிறது; கூடுவதற்கு இடம் இருந்தது 70; ஆக ஈட்டம் 21/70, அதாவது 0.3. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998 இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் இயக்கவியல் சோதனை விவரங்களை இந்த முறையில் தொகுத்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23, மாணவர்கள் ஈடுபட்டுச் செய்த வகுப்புகளின் சராசரி 0.48 என்று வந்தது. உங்கள் ஆறு வினாத் தாளை அதோடு நேராக ஒப்பிட முடியாது; சென்ற ஆண்டு உங்களோடு இந்த ஆண்டு உங்களை ஒப்பிடுவதற்கு அது போதும்.

இந்த எண்களைப் பள்ளிக்கு வெளியே கட்டுரையாகவோ ஆய்வாகவோ கொண்டுபோக எண்ணினால், வேலையை ஆண்டுத் தொடக்கத்திலேயே தொடங்க வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், மாணவரின் விருப்பம், பெயருக்குப் பதில் எண் இட்ட விடைத்தாள் ஆகியவை சோதனை வைப்பதற்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும். ஒப்புதல் கடிதங்கள் எல்லாம் திரும்பி வர மூன்று வாரமாவது ஆகும். முதல் சோதனை முடிந்த பிறகு அனுமதி கேட்டால், அந்தத் தாள்களைப் பயன்படுத்த முடியாமல் ஓர் ஆண்டு வீணாகும், எனக்கு வீணானது.

கடைசி வேலை நாளில், கணக்குச் சோதனைத் தாள், முன்கருத்து வினாத்தாள், வினா வாரித் தவறுகளின் எண்ணிக்கை, பழுது எழுதிய இருப்புப் பதிவேடு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, மேலே வகுப்பும் ஆண்டும் எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்பு வேறொருவருக்குப் போனால், உறையை அவர் கையில் கொடுத்துவிட்டு, சமமாக எரியும் அந்த இரண்டு பல்புகளும் எந்தப் பையில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுங்கள்.